டார்ஜிலிங் – சிக்கிம் மலையூர்களும் புத்த மடாலயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்ஜிலிங், கலிம்போங், காங்டாக், பெல்லிங் என்று கிழக்கு இமயத்தின் மலையூர்களைச் சுற்றி, நடுநடுவே புத்த மடாலயங்களையும் பார்த்துவரக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணங்கள் சீசனுக்கு சீசன் மாறுவதால் அவற்றை எழுதவில்லை. எல்லாப் பதில்களிலும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஊரிலும் ஒரு காலைப் பொழுதையாவது எங்கும் ஓடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை நாள் வேண்டும்?

மலையில் எட்டு இரவு இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். டார்ஜிலிங்கில் மூன்று, கலிம்போங்கில் ஒன்று, காங்டாக்கில் இரண்டு, பெல்லிங்கில் இரண்டு. ஐந்து இரவில் இந்த நான்கு ஊரையும் காட்டுகிறோம் என்று பேக்கேஜ் விற்பவர்கள் உண்டு. அதில் போனால் பாதிப் பயணம் வண்டிக்குள்ளேயே முடிந்துவிடும்.

கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள். டார்ஜிலிங்கிலிருந்து காங்டாக் சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் நாலு அல்லது ஐந்து மணி நேரம் பிடிக்கும். காங்டாக்கிலிருந்து பெல்லிங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், கொஞ்சம் கூடவே ஆகும். வழியில் ஒரு லாரி பழுதாகி நின்றாலோ, மேலிருந்து கொஞ்சம் மண் சரிந்தாலோ அந்தக் கணக்கும் போச்சு.

ஐந்து இரவுதான் லீவு கிடைக்கும் என்றால் இரண்டாகப் பிரித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டார்ஜிலிங்கும் கலிம்போங்கும் ஒரு பயணம். காங்டாக்கும் பெல்லிங்கும் இன்னொரு பயணம். மடாலயங்கள்தான் உங்கள் முதல் விருப்பம் என்றால் இரண்டாவது.

எந்த வரிசையில் போவது நல்லது?

நியூ ஜல்பைகுரியில் இறங்கி டார்ஜிலிங், அங்கிருந்து கலிம்போங், காங்டாக், பெல்லிங், கடைசியில் ஜோரேதாங் வழியாக சிலிகுரிக்கு இறக்கம். இப்படிப் போனால் பெரும்பாலும் வந்த சாலையிலேயே திரும்பிப் போக வேண்டியிருக்காது. கலிம்போங் டார்ஜிலிங்குக்கும் காங்டாக்குக்கும் நடுவில் இருப்பதால் நீளமான ஒரு நாள் இரண்டு சின்ன நாளாகப் பிரிந்துவிடும். உயரத்துக்கும் இது ஒத்துவரும்: சீன எல்லையிலுள்ள நாதுலா கணவாய் போன்ற உயரமான இடத்துக்குப் போவதற்கு முன்பு சில நாள் இரண்டாயிரம் மீட்டர் அளவில் உடம்பு பழகியிருக்கும்.

கிழமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நாதுலா திங்கள், செவ்வாய் கிழமைகளில் மூடியிருக்கும். டார்ஜிலிங் உயிரியல் பூங்காவுக்கு வியாழன் விடுமுறை. சிவப்பு பாண்டாவையும் பனிச்சிறுத்தையையும் பார்க்கலாம் என்று குழந்தைகளிடம் சொல்லிவிட்டு வியாழக்கிழமை போய் நிற்க வேண்டாம். எவரெஸ்டில் முதலில் ஏறியவர்களில் ஒருவரான டென்சிங் நோர்கே பணியாற்றிய மலையேற்றப் பயிற்சி நிலையமும் அதன் அருங்காட்சியகமும் அதே வளாகத்துக்குள்தான் இருக்கின்றன.

எந்த மாதம் போகலாம்?

மலையைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை. மழை கழுவிவிட்ட வானத்தில் கஞ்சன்ஜங்கா காலையில் முழுதாகத் தெரியும். 8,586 மீட்டர் உயரமுள்ள, உலகத்தின் மூன்றாவது பெரிய சிகரம் அது. டார்ஜிலிங் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்க்க முடிவது இந்த மாதங்களில்தான். துர்கா பூஜை விடுமுறையில் மட்டும் வங்காளமே மலை ஏறிவிடும்; அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் பள்ளி விடுமுறையில்தான் கிளம்ப முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களில் குளிர் இதமாக இருக்கும், மலைச்சரிவுகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், தேயிலைத் தோட்டத்தில் பறிப்பும் நடக்கும். ஆனால் மூட்டமும் கூட்டமும் சேர்ந்தே இருக்கும். சிகரம் தெரிந்தால் லாபம் என்ற எண்ணத்தோடு போங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். பச்சை கண்ணைப் பறிக்கும், ஆனால் சாலைகள் சரியும், நடைபாதைகளில் அட்டை ஏறும். ஜனவரி, பிப்ரவரி கடுங்குளிர். அதைத் தாங்கிக்கொள்ளக்கூடியவர்களுக்கு அறை வாடகையும் கூட்டமும் குறைவு.

அங்கே போய்ச் சேருவது எப்படி?

விமானம் என்றால் பாக்டோக்ரா, ரயில் என்றால் நியூ ஜல்பைகுரி. இரண்டும் சிலிகுரியை ஒட்டியவை. கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் கோவை, ஈரோடு, சேலம் வழியாகப் போய் நியூ ஜல்பைகுரியில் நிற்கிறது. நேரம் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி. சிக்கிமிலேயே பாக்யோங்கில் 2018-இல் திறந்த விமான நிலையம் இருக்கிறது. மேகமும் பனிமூட்டமும் அங்கே சேவையை அடிக்கடி நிறுத்திவிடுவதால் அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

சிக்கிமுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டுமா?

இந்தியக் குடிமக்களுக்கு காங்டாக், பெல்லிங், ராவங்லா, யுக்சோம் போக அனுமதி எதுவும் வேண்டாம். சோம்கோ ஏரி, நாதுலா, லாச்சுங், லாச்சென், குருடோங்மார் எல்லாம் எல்லையோரப் பாதுகாக்கப்பட்ட பகுதிகள். அவற்றுக்குத் தனித்தனி அனுமதி வேண்டும். காங்டாக்கில் பதிவு பெற்ற முகவர் மூலமாக முந்தைய நாளே விண்ணப்பித்தால் கிடைத்துவிடும். வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் ஒன்றின் நகலும், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களும் கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு. சிக்கிமுக்குள் நுழையவே தனி அனுமதி வேண்டும். இந்திய விசாவோடு சேர்த்தோ, ரங்போ சோதனைச் சாவடியிலோ வாங்கிக்கொள்ளலாம். நாதுலாவுக்கு வெளிநாட்டவர்களை விடுவதில்லை. குடும்பத்தில் பாதிப்பேர் இந்தியக் குடிமக்கள், பாதிப்பேர் வெளிநாட்டவர் என்றால் அந்த ஒரு நாளைச் சேர்ந்திருக்கிற மாதிரி வேறு விதமாகத் திட்டமிடுங்கள்.

ஷேர் ஜீப்பா, தனி வண்டியா?

ஊருக்கு ஊர் போக ஷேர் ஜீப் போதும். அங்கத்து மக்கள் எல்லாரும் அதில்தான் போகிறார்கள். விடிந்ததிலிருந்து மதியம் வரை ஸ்டாண்டில் வண்டிகள் நிரம்ப நிரம்பக் கிளம்பிக்கொண்டே இருக்கும். மதியத்துக்கு மேல் குறைந்துவிடும். பின்வரிசையில் நாலு பேரை நெருக்கி உட்கார வைப்பார்கள். முட்டி வலி இருப்பவர்கள், வளைவுச் சாலையில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டுக்குச் சொல்லிவைத்து டிக்கெட் எடுப்பது நல்லது.

தனி வண்டி எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டார்ஜிலிங்கிலோ சிலிகுரியிலோ எடுத்த மேற்கு வங்காள வண்டி காங்டாக்கில் உங்களை இறக்கிவிடும், அவ்வளவுதான். அங்கே சுற்றிக்காட்ட சிக்கிம் வண்டிதான் வர வேண்டும். ‘முழுப் பயணத்துக்கும் ஒரே வண்டி’ என்று யாராவது சொன்னால் சிக்கிமுக்குள் சுற்றுவதற்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓட்டுநர்கள் ‘செவன் பாயிண்ட்’, ‘டென் பாயிண்ட்’ என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம், ஒரு போட்டோ, அடுத்த இடம். அந்தப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அரை நாளுக்கு வண்டி பேசுங்கள். பேசுகிற விதத்தில் பேசினால் ஒத்துக்கொள்வார்கள்.

நிறைய மடாலயங்கள் இருக்கின்றன. எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

ஒரே பயணத்தில் நாலு போதும். என் தேர்வைச் சொல்கிறேன்.

டார்ஜிலிங்கை ஒட்டிய கூமில் இருக்கும் யிகா சோலிங். 1850-இல் மங்கோலியத் துறவி ஷெராப் கியாட்சோ நிறுவியது, திபெத்திய புத்த மதத்தின் பெரிய மரபுகளில் ஒன்றான கெலுக் மரபைச் சேர்ந்தது. உள்ளே இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் 15 அடிச் சிலை. கண்கள் பழகும் வரை முகம் சரியாகத் தெரியாத அளவுக்கு உள்ளே இருட்டாக இருக்கும். கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஒரு எச்சரிக்கை: சாலையோரத்திலேயே சம்டென் சோலிங் என்று இன்னொரு மடாலயம் உண்டு. ‘கூம் மடாலயம்’ என்று பல வண்டிகள் அங்கே நிறுத்திவிடுகின்றன. அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பழையது யிகா சோலிங். பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கலிம்போங்கில் துர்பின் மலை மேலிருக்கும் சாங் தோக் பால்ரி. 1976-இல் தலாய் லாமா புனிதப்படுத்தியது. 1959-இல் திபெத்தை விட்டு வந்தவர்கள் சுமந்துவந்த கஞ்சூர் எனும் புத்தரின் போதனை நூல் தொகுதிகள் இங்கே இருக்கின்றன. நாட்டை இழந்து மலை தாண்டி வந்தவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை அந்த அலமாரிகளுக்கு முன்னால் நின்றால் புரிந்துகொள்ளலாம். மேல்தளத்திலிருந்து தீஸ்தா பள்ளத்தாக்கும் தெரியும்.

காங்டாக்கிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி ரும்டெக். கர்ம காக்யூ மரபின் தலைவரான 16-ஆவது கர்மபா 1959-இல் திபெத்திலிருந்து வெளியேறி வந்தார். சிக்கிம் மன்னர் கொடுத்த நிலத்தில் 1966-இல் இதைக் கட்டி முடித்தார். அவர் 1981-இல் மறைந்தார். அவருடைய எச்சங்களை வைத்த தங்க ஸ்தூபி இங்கே இருக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு காவலர்கள் நிற்பதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். அடுத்த கர்மபா யார் என்பதில் மரபுக்குள் இரண்டு தரப்பாகப் பிரிந்ததால் வந்த காவல் அது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போங்கள். வாசலிலிருந்து மேடேறி நடக்க வேண்டும்.

நாலாவது, பெல்லிங் பக்கத்தில் பெமயாங்சே. இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம். சிக்கிமின் மிகப் பழைய மடாலயங்களில் ஒன்று; நியிங்மா மரபின் லட்சுன் சென்போ 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மேல்மாடிக்கு ஏறினால் ஏழு அடுக்குள்ள ஒரு மரச் சிற்பம் நிற்கும். திபெத்தில் புத்த மதத்தைப் பரப்பியவர், குரு ரின்போச்சே என்று இங்கே எல்லாரும் வணங்கும் பத்மசம்பவர்; அவருடைய சொர்க்க மாளிகை அது. டுங்சின் ரின்போச்சே என்ற லாமா ஐந்து ஆண்டு உழைத்துச் செதுக்கியது. விரல் நீளத்தில் ஆட்கள், வானவில், மிருகங்கள், மாடத்துக்குள் மாடம் என்று எத்தனை முறை சுற்றினாலும் பார்க்காதது ஒன்று கண்ணில் படும். புகைப்படத்துக்கு அனுமதி இல்லை; அதனாலேயே மக்கள் அங்கே நின்று பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே காட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் ரப்தென்சே. 1670 முதல் 1814 வரை சிக்கிமின் தலைநகரமாக இருந்த ஊரின் இடிபாடுகள்.

காலில் வலு உள்ளவர்கள் ஒரு நாளைக் கூட்டி யுக்சோமுக்கும் டாஷிடிங்குக்கும் போங்கள். 1642-இல் மூன்று லாமாக்கள் சேர்ந்து சிக்கிமின் முதல் மன்னருக்கு முடிசூட்டிய கல் இருக்கை யுக்சோமில் மரத்தடியில் இன்றும் இருக்கிறது. டாஷிடிங் ரங்கீத், ராதோங் ஆறுகளுக்கு நடுவே எழும் மலை உச்சியில் உள்ளது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் பூம்சூ என்ற விழாவில் மூடிவைத்த நீர்க்கலசத்தை நள்ளிரவு வழிபாட்டோடு திறந்து, தண்ணீரின் அளவைப் பார்த்து அந்த ஆண்டு எப்படியிருக்கும் என்று சொல்வார்கள்.

ராவங்லாவின் 130 அடி புத்தர், பெல்லிங்கின் 137 அடி சென்ரெசிக் (கருணையின் வடிவான போதிசத்துவர்), நாம்ச்சியின் குரு ரின்போச்சே ஆகிய பெரிய சிலைகள் எல்லாம் அண்மைக் காலத்தில் எழுப்பியவை. வழியில் வந்தால் பாருங்கள். அவற்றுக்காகப் பெமயாங்சே நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

இரண்டு மடாலயம் பார்த்ததும் எல்லாம் ஒரே மாதிரி தெரிகிறதே?

என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

முன்மண்டபத்துச் சுவரில் நாலு பெரிய உருவங்கள் இருக்கும்: நாலு திசைக் காவலர்கள். கையில் கீரிப்பிள்ளையோடு மஞ்சள் நிறத்தில் இருப்பவர் வடதிசைக்குரிய வைஸ்ரவணன், நமக்குத் தெரிந்த குபேரன்தான். யாழ் போன்ற வாத்தியம் வைத்திருப்பவர் கிழக்கு, வாளோடு நிற்பவர் தெற்கு, பாம்பு பிடித்திருப்பவர் மேற்கு. பக்கத்திலேயே ஒரு பெரிய சக்கரத்தை யமன் பல்லாலும் நகத்தாலும் பற்றியிருப்பான். வாழ்க்கைச் சக்கரம். நடுவில் சேவல், பாம்பு, பன்றி ஒன்றின் வாலை ஒன்று கவ்விச் சுற்றும்: ஆசை, வெறுப்பு, அறியாமை. அதைச் சுற்றிய பெரிய வட்டத்தில் தேவர், மனிதர், விலங்கு, பசித்த பேய், நரகம் என்று பிறவிகள். இந்த ஓவியத்தின் முன்னால் மட்டும் பத்து நிமிடம் நிற்கலாம்.

உள்ளே நடுவில் யார் அமர்ந்திருக்கிறார் என்று பாருங்கள். மெல்லிய மீசை, தோளில் சாய்ந்த திரிசூலத் தண்டு, வலக்கையில் வஜ்ரம், இடக்கையில் கபாலக் கிண்ணம் என்றால் குரு ரின்போச்சே. நியிங்மா மடாலயங்களில் முதலிடம் அவருக்கே. ரும்டெக்கில் கர்மபாக்களின் கருந்தொப்பி எங்கும் வரும். கூமில் மஞ்சள் தொப்பிக்காரர்களான கெலுக் மரபு. தலாய் லாமா அந்த மரபைச் சேர்ந்தவர். சுவரோரம் துணியில் சுற்றிப் பலகைக்கு நடுவே கட்டி அடுக்கியவை நூல்கள்.

எல்லாவற்றையும்விட, காலை பூஜை நேரத்தில் போங்கள். நேரம் இடத்துக்கு இடம் மாறும். முந்தைய நாள் மாலை போய்க் கேட்டு வைத்துக்கொள்ளலாம். இரண்டு வரிசையாக எதிரெதிரே துறவிகள் தாழ்ந்த பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவர்கள் முன்னே, சின்னப் பையன்கள் பின்னே. நூல் என்பது தைக்காத நீளத் தாள்கள். ஒரு பக்கம் ஓதியதும் எடுத்து அப்படியே எதிர்ப்பக்கம் கவிழ்த்து வைப்பார்கள். கழியில் நிற்கும் முரசை வளைந்த குச்சியால் ஒருவர் தட்டிக்கொண்டே இருப்பார். திடீரென்று தாளமும் நீள ஊதுகொம்பும் சேர்ந்து எழும்போது தரைப்பலகை அதிர்வது காலில் தெரியும். நடுவில் ஒரு பையன் பெரிய கெட்டிலோடு வரிசை வரிசையாக வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு போவான். வாயிலோரம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் ஒரு கோப்பை வரலாம். உப்பும் வெண்ணெயும் போட்ட அதை டீ என்று நினைத்துக் குடிக்காமல் சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துவிடும்.

மடாலயத்தில் எப்படி நடந்துகொள்வது?

நம் கோயிலுக்குப் போகிற மாதிரிதான். செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை. ஸ்தூபியையும் சன்னதியையும் இடமிருந்து வலமாகச் சுற்ற வேண்டும், மந்திர உருளைகளையும் அதே திசையில்தான் உருட்ட வேண்டும். காங்டாக்கின் தோ துருல் ஸ்தூபியைச் சுற்றி 108 உருளைகள் இருக்கின்றன. பாட்டிமார் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ முணுமுணுத்தபடி ஒன்றுவிடாமல் உருட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் பின்னால் போங்கள்.

ஓதிக்கொண்டிருக்கும் துறவிகளுக்கு நடுவே குறுக்கே நடக்காதீர்கள், சிலைக்கு நேரே கால் நீட்டாதீர்கள். சன்னதிக்குள் பெரும்பாலும் படம் எடுக்கக் கூடாது. வெளியே துறவிகளை எடுப்பதானாலும் கேட்டுவிட்டு எடுங்கள். குட்டித் துறவிகள் அழகாக இருக்கிறார்கள் என்று கட்டிப்பிடித்து செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அது அவர்களுடைய பள்ளிக்கூடம், வீடு.

இன்னொன்று: மலைச்சரிவில் வெள்ளைக் கொடிகள் மட்டும் உயரமான கழிகளில் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். இறந்தவர்களுக்காக நட்டவை அவை. ஐந்து நிறத் தோரணம் போல அதன் முன்னால் நின்று கும்மாளமாகப் படம் எடுக்க வேண்டாம்.

முகமூடி நடனம் பார்க்க முடியுமா?

சாம் என்ற அந்த நடனம் திபெத்திய நாட்காட்டிப்படி நடப்பதால் நம் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். லோசார் எனும் புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில், அதாவது பிப்ரவரி வாக்கில், ரும்டெக்கிலும் பெமயாங்சேவிலும் நடக்கும். காங்டாக்கின் எஞ்சே மடாலயத்தில் குளிர்காலத்தில் ஒன்று உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் பாங் லாப்சோல் விழா கஞ்சன்ஜங்காவுக்கே எடுப்பது. சிக்கிம் மக்களுக்கு அந்தச் சிகரம் காவல் தெய்வம். 1955-இல் முதன்முதலில் ஏறிய ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் அந்த நம்பிக்கையை மதித்து உச்சிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள்.

டைகர் ஹில்லுக்கு விடியற்காலை போகத்தான் வேண்டுமா?

டார்ஜிலிங் அருகே சூரியோதயம் பார்க்கும் மலை அது. வானம் தெளிவாக இருந்தால் மட்டும் போங்கள். முந்தைய இரவு நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் தூங்குங்கள்.

போவதென்றால் மூன்றரை, நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். கிழக்கே இவ்வளவு தள்ளி இருப்பதால் சூரியன் நம் ஊரைவிட முன்னதாகவே வந்துவிடும். வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு உண்டு, அதை முந்தைய நாளே ஓட்டுநர் வாங்கியிருக்க வேண்டும். சுமார் 2,590 மீட்டர் உயரத்திலிருந்து கஞ்சன்ஜங்கா முதலில் ரோஜா நிறமாகி, அப்புறம் பொன்னாவதைப் பார்ப்பது பெரிய விஷயம்தான். எவரெஸ்டும் தூரத்தில் சிறிதாகத் தெரியும், காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும்.

கூட்டம் பிடிக்காதவர்கள் டார்ஜிலிங் ஊர் நடுவிலுள்ள சௌரஸ்தா சதுக்கத்திலிருந்து மால் ரோட்டில் ஒரு சுற்று நடந்தாலே அதே மலை தெரியும். அப்படியே அப்சர்வேட்டரி ஹில்லில் ஏறிவிடுங்கள். முன்பு மடாலயம் இருந்த அந்த இடத்தில் இப்போது மகாகாள் கோயில். ஒரே சன்னதியில் இந்துப் பூசாரியும் புத்தத் துறவியும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் இருவரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு வரலாம்.

டாய் ட்ரெய்னில் முழுத் தூரமும் போகலாமா?

ரயில்மேல் தீராத ஆசை இருந்தால் போங்கள். இரண்டடி அகல இருப்புப் பாதை, 1881-இல் ஓடத் தொடங்கியது, 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. நியூ ஜல்பைகுரியிலிருந்து 88 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்றவர்களுக்கு டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்பும் ஜாய் ரைடு போதும். நடுவில் பதாசியா வளைவில் நிறுத்துவார்கள். கூம் 2,258 மீட்டரில் இருக்கும், இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையம். நீராவி எஞ்சினுக்குக் கட்டணம் கூடுதல், கொடுக்கலாம். கரித்தூள் கண்ணில் விழும், ஜன்னலோரத்தில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சீசனில் ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது கஷ்டம்.

நாதுலாவில் மூச்சுத் திணறுமா?

நாதுலா 4,310 மீட்டர், வழியிலுள்ள சோம்கோ ஏரி 3,753 மீட்டர். 1,650 மீட்டரிலிருக்கும் காங்டாக்கிலிருந்து சில மணி நேரத்தில் அங்கே ஏறிவிடுகிறோம். தலைவலி, குமட்டல், படி ஏறும்போது மூச்சு வாங்குவது பலருக்கும் வரும். மெதுவாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், முந்தைய இரவு மது வேண்டாம். தலைவலி கூடிக்கொண்டே போனால், நடை தடுமாறினால், உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கிளம்புவதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரையையும் அவர் சொன்னால்தான் போட வேண்டும்.

குருடோங்மார் ஏரி இன்னும் ஆயிரம் மீட்டருக்குக் கிட்ட மேலே, 5,000 மீட்டரையும் தாண்டியது. சின்னக் குழந்தைகளையும் முதியவர்களையும் அங்கே கூட்டிப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. டார்ஜிலிங்கும் காங்டாக்கும் மூச்சுக்குச் சிரமம் தராத உயரம். படிகள்தான் தொல்லை, இந்த ஊர்கள் மாடிமாடியாகக் கட்டியவை. விடுதி வாசல் வரை வண்டி வருமா, எத்தனை படி ஏற வேண்டும் என்று புக் பண்ணும்போதே கேளுங்கள். பெமயாங்சே, துர்பின் இரண்டுக்கும் வண்டி பக்கத்திலேயே போகும். டாஷிடிங், யுக்சோமின் துப்தி, பெல்லிங்கின் சாங்கா சோலிங் எல்லாம் ஏற்றம் என்பதால் அவர்களுக்கு வேண்டாம். மாலையில் அவர்களைக் காங்டாக் எம்.ஜி. மார்க்கிலோ டார்ஜிலிங் சௌரஸ்தாவிலோ உட்கார வையுங்கள். இரண்டு இடத்திலும் வண்டிகள் வராது, நிறைய பெஞ்சு உண்டு.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். புத்த ஊர் என்பதால் எல்லாம் சைவமாக இருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பன்றியும் மாடும் சாதாரணமாகச் சமைப்பார்கள். டார்ஜிலிங்கிலும் காங்டாக்கிலும் மார்வாடிகள் நடத்தும் சுத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் சோறு, பருப்பு, ஒரு கறி என்று எங்கு கேட்டாலும் செய்து தருவார்கள். முட்டைக்கோஸ் மோமோ, காய்கறித் துக்பா என்ற நூடுல்ஸ் சூப், வட்டமாகச் சுட்ட செல் ரொட்டி, புளிக்கவைத்த கீரையில் செய்யும் குந்துருக் சூப் நாலையும் சாப்பிடாமல் வராதீர்கள். மோமோவோடு வைக்கும் சிவப்புச் சட்னி டல்லே மிளகாய். நம் ஊர்க் காரம் சாப்பிடுகிறவர்களும் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிருக்கு என்ன எடுத்துப் போவது, அறை எப்படி இருக்கும்?

ஒரே கனமான கோட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் மூன்று உடுப்பு நல்லது. காது மூடும் குல்லாய், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, வழுக்காத ஷூ. மே மாதத்திலும் ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் வேண்டும். அறை ஹீட்டருக்குப் பல விடுதிகளில் தனிக் கட்டணம். டார்ஜிலிங்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்மையானது, கோடையில் டேங்கர்தான் ஓடும். வாளியை நிரப்பிக்கொண்டு அளவாகக் குளியுங்கள். சிக்கிமில் பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில்.

மொழி?

நேபாளிதான் எங்கும். இந்தி, ஆங்கிலம் போதும். ஓட்டுநரை ‘தாய்’ என்று கூப்பிடுங்கள், அங்கே அண்ணன் என்று அர்த்தம். கடைக்காரப் பெண்ணை ‘தீதி’. யுக்சோம், லாச்சுங் பக்கம் போவதானால் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை மூடிவிட்டால் என்ன செய்வது?

இதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். 2023 அக்டோபர் 4 அன்று வடக்கு சிக்கிமில் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு தீஸ்தாவில் பெருவெள்ளம் வந்தது. சிலிகுரியையும் காங்டாக்கையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 10 அந்த ஆற்றை ஒட்டியே போகிறது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் அது அடிக்கடி மூடப்படுகிறது. அப்போது லாவா, கோருபதான் வழியாகச் சுற்றிப் போவார்கள்; இரண்டு, மூன்று மணி நேரம் கூடும். லாச்சென், லாச்சுங் சாலைகளின் நிலைமையை அந்தந்த வாரம் காங்டாக்கில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், சாலை மூடினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

திரும்பும் விமானமோ ரயிலோ எந்த நாளோ, அதற்கு முந்தைய இரவை மலையில் வைத்துக்கொள்ளாமல் சிலிகுரியில் வைத்துக்கொள்ளுங்கள். பெல்லிங்கிலிருந்து காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் மதியத்துக்கு இறங்கிவிடலாம், வழியில் ஏதாவது ஆனாலும் மாலை வரை அவகாசம் இருக்கும்.